பெயிண்ட் வாசனை போன இடம்

அரியாங்குப்பம்,
14.10.1978

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சக்கரபாணி எழுதுவது. இங்கே நான், அப்பா, அம்மா மூவரும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்கு மில் கொடுத்த இருமல் மழை ஆரம்பித்ததும் எட்டிப் பார்த்தது, கஷாயத்தில் அடங்கிவிட்டது. ராணிப்பேட்டையில் நீயும் மாமாவும் குழந்தை சந்திரகலாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன்.

போன கடிதத்தில், "பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சிட்டுக் கரிக்கடையில உக்காந்திருக்கியாமே" என்று கிண்டல் செய்திருந்தாய். செய்துகொள். இது அடுப்புக்கரி இல்லை அக்கா. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, நீராவியில் வாட்டிச் செய்வது. ஒவ்வொரு துண்டிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒரு கைப்பிடிக் கரியின் துளைகளையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் பத்து ஏக்கர் பரப்பு வரும். மாமா கம்பெனியில் தோலுக்குச் சாயம் அடிக்கும்போது பறக்கிற தின்னர் ஆவி, மாஸ்க் டப்பாவில் உள்ள இந்தக் கரிக்குள் போனதும் துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான காற்று மட்டும் மூக்குக்குப் போகும். ஆனால் ஒட்ட இடம் இருக்கிற வரைக்கும்தான். பஸ்ஸில் சீட் நிரம்பின மாதிரி சுவர் நிரம்பிவிட்டால், அடுத்து வருகிற ஆவி நிற்காமல் நேரே மூக்குக்குப் போய்விடும். எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று சோதித்துச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. முதலாளி என்னை "நம்ம விஞ்ஞானி" என்றுதான் கூப்பிடுகிறார்.

முதலியார்பேட்டை ஷெட்டில் ஆயுத பூஜை அமர்க்களமாக நடந்தது. காலையில் மெஷின் எல்லாவற்றுக்கும் பச்சை எனாமல் அடித்தோம். சலிக்கிற வேலை செய்யும் குஞ்சம்மாள், "நமக்குச் சோறு போடுறது கரிதான். அத டிரம்முல மூடி வச்சிட்டு மெஷினுக்குப் பொட்டு வச்சா ஆச்சா?" என்று கேட்டார். அதனால் ஓவனிலிருந்து எடுத்த கரியைத் தட்டுத் தட்டாகப் பரப்பி அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தோம். சாம்பிராணி போட்டு, கற்பூரம் காட்டி, பூட்டிவிட்டு வந்தோம். மறுநாள் நல்ல நேரம் பார்த்து மதியம் திறந்தால், ஷெட்டில் பெயிண்ட் வாசனை துளிகூட இல்லை. சாம்பிராணி வாசனையும் இல்லை. எல்லோரும் அம்மன் அருள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முதலாளிக்கும் ஒரே சந்தோஷம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

தட்டிலிருந்த கரியை டப்பாவில் அடைத்ததும், அந்த லாட் அன்று சாயங்காலமே லாரி ஏறியது. நூற்று இருபது டப்பா, மாமா கம்பெனிக்குத்தான். தீபாவளிக்கு மூவரும் தவறாமல் வாருங்கள்.

உன் தம்பி,
சக்கரபாணி

*

ராணிப்பேட்டை,
6.11.1978

அன்புத் தம்பிக்கு, அக்கா செல்வாம்பாள் எழுதிக்கொண்டது. நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் சந்திரகலா மட்டும் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அம்மா கட்டிக் கொடுத்த அதிரசத்தில் பாதியை அதற்கு முன்பே தின்றிருந்தாள் என்பது வேறு விஷயம். அப்பாவின் இருமலைக் கேட்டதாகச் சொல்.

உன் டப்பா இங்கே வந்துவிட்டது. உன் மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதில் ஒட்டியிருக்கும் சீட்டை ஸ்பிரே செக்‌ஷனில் எல்லோரிடமும் காட்டி, "என் மச்சான் கையெழுத்து, பாத்துக்க" என்றாராம். உள் அறையில் சாயம் அடிப்பது அவர் ஒருவர்தான் என்பதால் முதல் டப்பாவை அவருக்கே கொடுத்தார்களாம். முந்தாநாள் வேலைவிட்டு வந்ததும் தலைவலி என்றார். ஊரில் மூன்று நாள் சாப்பிட்ட சாப்பாடு அப்படி என்றேன். அங்கே மழை எப்படி? சைக்கிளில் பாலத்தைத் தாண்டும்போது பார்த்துப் போ.

உன் அக்கா,
செல்வாம்பாள்

*

ராணிப்பேட்டை,
27.11.1978

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதிக்கொண்டது. உன்னிடமிருந்து பதிலே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சுகம்தானே? இங்கே உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. அப்பா கண்ணில் படக்கூடாது.

உன் மாமா குடிக்க ஆரம்பித்துவிட்டார். எழுதவே கை கூசுகிறது. மூன்று வாரமாகச் சாயங்காலம் வரும்போது கால் நிலையாக இல்லை. பேச்சு குழறுகிறது. ஒன்றுமில்லாததற்குச் சிரிக்கிறார், அடுத்த நிமிஷம் சட்டி வைத்த இடத்துக்குச் சண்டை பிடிக்கிறார். சாப்பிடாமல் விழுந்து தூங்குகிறார். வாயை முகர்ந்து பார்த்தேன். சாராய வாசனை இல்லை, காரமாக வேறு என்னவோ அடிக்கிறது. இந்த ஊரில் மதுவிலக்கு. எங்கே போய் என்னத்தைக் குடிக்கிறாரோ. பக்கத்து வீட்டுக்காரி, "பாண்டிச்சேரிக்காரருக்குச் சொல்லியா குடுக்கணும்" என்று என் காதில் விழும்படியே சொல்கிறாள். நான் குழாயடிக்குப் போகிற நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

உண்மையைச் சொல். தீபாவளிக்கு வந்தபோது நீ அவரை எங்கேயாவது கூட்டிப் போனாயா? பாட்டில் ஏதாவது வாங்கிக் கொடுத்தாயா? கோபப்பட மாட்டேன். தெரிந்துகொண்டால் போதும்.

உன் அக்கா,
செல்வாம்பாள்

*

அரியாங்குப்பம்,
9.12.1978

அன்புள்ள அக்காவுக்கு, சக்கரபாணி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

நான் மாமாவை எங்கேயும் கூட்டிப் போகவில்லை. ஒன்றும் வாங்கிக் கொடுக்கவும் இல்லை. இது சேர்க்கையால் வருவதாக இருக்கலாம். கோபப்படாமல் பக்குவமாகச் சொல்லிப் பார். மாமாவுக்கு நானே தனித் தாளில் நாலு வரி எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். பெண் குழந்தை இருக்கிறது, குடியை விட்டுவிடுங்கள் என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன். அவரிடம் கொடுத்துவிடு.

இன்னொன்று. மாமா போடுகிற டப்பாவின் அடியில் ஒரு நம்பர் அடித்திருக்கும். அது என்ன நம்பர் என்று கேட்டு எழுது. சும்மாதான், ஆபீஸ் ரிஜிஸ்டருக்காக.

உன் தம்பி,
சக்கரபாணி

*

ராணிப்பேட்டை,
20.12.1978

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதிக்கொண்டது. நாங்கள் இருக்கிறோம். நீங்கள் எல்லோரும் நலமாக இருந்தால் அதுவே போதும்.

உன் தாளைக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் நின்று இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அவனுமா" என்றார். மறுநாள் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் குழந்தை தலையில் கை வைக்கச் சொன்னேன். ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். அன்று சாயங்காலமே தள்ளாடிக்கொண்டு வந்தார். "பெத்த புள்ள தலையில பொய்ச் சத்தியம் பண்ணுவியா நீ" என்று கேட்டுவிட்டேன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவரை நீ என்று சொன்னது அன்றுதான்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நன்றாக இருக்கிறார். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறார். கையில் காசும் நேரமும் இருக்கிற நாளில் குடிக்காமல் வேலை நாளில் மட்டும் குடிக்கிற மனுஷன் உண்டா?

டப்பாவைப் போட்டாலும் உள்ளே வாசனை வருகிறது என்று சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்த்தாராம். "அறுபது நிமிஷம் தாங்கும்னு சீட்டுல போட்டிருக்கு. உன் மச்சான் கையெழுத்தேப்பா. அவரு பொய்யா எழுதுவாரு?" என்று சிரித்தார்களாம். இவரும், "அவன் போட்டா சரியாத்தான் இருக்கும். என் மூக்குதான் கெட்டுப் போச்சு" என்கிறார்.

நீ கேட்ட நம்பர் 41.

உன் அக்கா,
செல்வாம்பாள்

*

ராணிப்பேட்டை,
24.1.1979

தம்பிக்கு, அக்கா எழுதிக்கொண்டது. பொங்கலுக்கு ஒரு வரியாவது எழுதுவாய் என்று பார்த்தேன். அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே? அப்பா நடமாடுகிறாரா?

போன வியாழக்கிழமை நடந்ததை யாரிடமும் சொல்ல முடியவில்லை, உன்னிடம் சொல்கிறேன். மதியம் சோறு எடுத்துக்கொண்டு போனேன். கம்பெனி வாசலில் கூட்டம். நடுவில் உன் மாமா. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதன் மேல் நேராக நட என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் நடந்தார். நாலாவது அடியிலேயே கால் விலகியது. எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி நடக்கச் சொன்னார்கள். இரண்டாம் தடவை கோட்டைத் தேடிக் குனிந்தார் தம்பி, குழந்தை காசைத் தேடுகிற மாதிரி. இந்த மாதம் அவருடன் உள் அறையில் சேர்த்த தணிகாசலத்துக்கும் இப்போது அடிக்கடி மயக்கம் வருகிறது. அவனுக்கும் இவர்தான் ஊற்றிக் கொடுக்கிறார் என்று பேச்சு.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தூக்குச் சட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, யாரோ மாதிரி வந்துவிட்டேன்.

இன்னொரு தடவை இப்படி நடந்தால் போலீஸில் ஒப்படைத்துவிட்டு வேலையை விட்டு அனுப்புவார்களாம். நான் என்ன செய்யட்டும் என்று நீயாவது சொல்.

உன் அக்கா,
செல்வாம்பாள்

*

அரியாங்குப்பம்,
31.1.1979

அக்காவுக்கு, சக்கரபாணி எழுதுவது. அப்பாவும் அம்மாவும் நலம். என்னைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

காலையில் ஒரு தந்தி கொடுத்தேன். "மாமா அந்த டப்பாவைப் போட வேண்டாம், வேலைக்குப் போக வேண்டாம்" என்று. அதன் காரணம் இது.

மாமா குடிக்கவில்லை. ஒரு நாளும் குடிக்கவில்லை. அவர் மூச்சில் போனது தின்னர் ஆவி. அது தலைக்கு ஏறினால் குடித்தவன் மாதிரியே கால் தடுமாறும், நாக்கு குழறும், சிரிப்பு வரும், கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமை வராது. அதைத் தடுக்க வேண்டிய டப்பா கெட்டுப் போயிருந்தது. கெட்டது எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஷெட்டைத் திறந்தபோது பெயிண்ட் வாசனை இல்லை என்று எழுதினேன் அல்லவா? அது எங்கே போனது என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி முழுக்கப் பெயிண்ட் ஆவியும், கற்பூரமும், மழை ஈரமும் தட்டில் பரப்பியிருந்த கரியில் போய் ஒட்டிக்கொண்டன. ஒரு தட்டை எடுத்துத் தராசில் வைத்தேன். இரண்டு கிலோ இருந்த கரி இரண்டே கால் கிலோ இருந்தது. மாமா கம்பெனிக்குப் போவதற்கு முன்பே அதன் சுவர் நிரம்பிவிட்டது. குஞ்சம்மாளைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தெரியாமல் கேட்டார். கரியைத் திறந்து வைக்கக் கூடாது என்று படித்தவன் நான். எல்லோருக்கும் நல்லவனாக இருக்க ஆசைப்பட்டுச் சரி என்றேன்.

அப்போதும் வழி இருந்தது. ஒரு நாள் ஓவனில் வைத்துச் சுட்டிருந்தால் ஒட்டியதெல்லாம் ஓடிப்போய்க் கரி பழையபடி ஆகியிருக்கும். லாரி வந்து நின்றது. எல்லோரும் அம்மன் அருள் என்று நெகிழ்ந்து நிற்கும்போது, இல்லை, சரக்கு கெட்டுவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலாளி முகம் மாறும் என்று பயந்தேன். விஞ்ஞானி செய்த முட்டாள்தனம் என்று சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டேன். சோதனை செய்யாமலே, முந்தின லாட்டின் அறுபது நிமிஷத்தை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதைவிடக் கேவலம் பிறகு செய்தது. நவம்பரில் உன் கடிதத்தைப் படித்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துதான் மாமாவுக்குக் குடியை விடச் சொல்லி எழுதினேன். நம்பரைக் கேட்டது வேறு லாட்டாக இருந்துவிடாதா என்ற நப்பாசையில். பூஜை லாட்டின் நம்பரான 41-ஏ வந்ததும், அதில் மாதிரிக்கென்று எடுத்து வைத்திருந்த டப்பா ஒன்றைச் சோதித்தேன். பதினெட்டு நிமிஷம். அதற்குப் பிறகும் ஒரு மாதம் சும்மா இருந்தேன். கெட்ட டப்பாவெல்லாம் தீர்ந்துவிடும், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நாள் எண்ணினேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதாக எழுதியிருந்தாய். அதற்கும் காரணம் நான்தான் அக்கா.

நேற்று முதலாளியிடம் சொன்னேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். உங்கள் கம்பெனி மேனேஜருக்கு எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மாமாவை டாக்டரிடம் காட்டு. தணிகாசலத்தையும் காட்டச் சொல்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை.

சக்கரபாணி

*

அரியாங்குப்பம்,
19.2.1979

அக்காவுக்கு, சக்கரபாணி எழுதுவது. அப்பா, அம்மா சுகம். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது தட்டை மட்டும் நகர்த்தி வைக்கிறார்.

தந்தி வந்ததா? கடிதம் வந்ததா? மாமாவுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் போதும்.

சக்கரபாணி

*

ராணிப்பேட்டை,
2.3.1979

மச்சான் சக்கரபாணிக்கு, இராமதாஸ் எழுதுவது. அதிகம் எழுதிப் பழக்கமில்லாதவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உடம்பு இப்போது தேவலை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். காற்றோட்டமான வேலை செய்தால் சரியாகும் என்றார். கை நடுக்கம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. தணிகாசலம் பரவாயில்லை. அங்கே மாமா, அத்தை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

உன் அக்கா உனக்கு எழுத மாட்டேன் என்கிறாள். உன் கடிதத்தைப் படித்த அன்று என் காலடியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. "பொண்டாட்டி நானே நம்பலையே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை என்ன சொல்ல? நானே என்னை நம்பவில்லை. தள்ளாடுவது எனக்கும் தெரிந்தது. டீயில் யாராவது கலந்து கொடுக்கிறார்களா, எனக்குப் புத்தி பிசகுகிறதா என்று யோசித்து யோசித்துப் பயந்துபோயிருந்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஜனவரியில், "குடித்தது உண்மை, இனிமேல் குடிக்க மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேலை நிலைக்க வேறு வழி இல்லை என்றார்கள். செய்யாததைச் செய்தேன் என்று எழுதும்போது, உன் தாளும் சட்டைப் பையில்தான் இருந்தது. உன் பதிவுத் தபால் வந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். டப்பாவையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு வேறு கொடுத்துவிட்டார். "விஷயம் முடிஞ்சது, பெருசு பண்ணாத" என்றார். உன் கடிதம் அவர் மேஜைக்குள் போனது. என் கடிதம் பைலில் இருக்கிறது.

அதனால் செக்‌ஷனில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இன்னும் என்னைப் பார்த்தால் நடையைக் காட்டிச் சிரிக்கிறார்கள். சந்திரகலாவைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண், குடிகாரன் மகள் என்றாளாம். வீட்டுக்கு வந்து, "குடிகாரன்னா என்னப்பா" என்று என்னையே கேட்டாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத வராது. பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை. காலை எட்டு மணி ஷிப்டுக்கு எல்லோரும் வாசல் வழியாகத்தான் உள்ளே போவார்கள். நீ வந்து, என்னை நடக்கவிட்ட அந்த இடத்தில் நின்று, உன் அக்காவுக்கு எழுதினதை உன் வாயால் அவர்களிடம் சொல். சொல்லிவிட்டு வீட்டுக்கு வா. சொல்ல முடியாது என்றால் வீட்டுக்கு வராதே.

இப்படிக்கு,
இராமதாஸ்

*

(அஞ்சலட்டை. கம்பெனி விலாசத்துக்கு.)

அரியாங்குப்பம்,
6.3.1979

மாமாவுக்கு, சக்கரபாணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எல்லாவற்றையும் ஒட்டி மூடித்தான் அனுப்பினேன். இதைக் கார்டில் எழுதுகிறேன். இங்கே தபால்காரரும், அங்கே கேட்டில் இருப்பவரும், செக்‌ஷனில் கொண்டுவந்து கொடுப்பவரும் படிக்கட்டும்.

இராமதாஸ் ஒரு நாளும் குடித்துவிட்டு வேலைக்கு வந்ததில்லை. அவர் போட்டுக்கொண்ட டப்பா கெட்டது. கெட்டது என்று தெரிந்தே நல்லது என்று எழுதிக் கொடுத்தவன் நான். இது பொய் என்று யாராவது சொன்னால் அவர்களையும் திங்கட்கிழமை காலையில் வாசலில் இருக்கச் சொல்லுங்கள். ஏழரைக்கே வந்து நிற்பேன். சத்தமாகச் சொல்வேன்.

வீட்டுக்கு வா என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நான் சொல்லி முடித்த பிறகு, மனசு வந்தால், இன்னொரு தடவை கூப்பிடுங்கள். அப்போது வருகிறேன்.

இப்படிக்கு,
பா. சக்கரபாணி